தோளில் கிடந்த கை

1

இதைக் கதையாக எழுத நான் உட்காரவில்லை. எழுத நினைத்தது என் தகப்பனாரின் நூற்றாண்டு மலர். நான்கு பக்கம், வழவழப்பான தாள். முன்னட்டையில் அவர் படம், இரண்டாம் பக்கத்தில் மலேயாவில் அவர் பார்த்த உத்தியோகம், மூன்றாம் பக்கத்தில் அவருடைய குணநலன்கள், பின்னட்டையில் குடும்பத்தார் பெயர்கள். உறவினர் வீடுகளிலும் தெருவிலும் கொடுத்துவிட்டால் மகனுடைய கடமை முடிந்துவிடும். இரண்டாம் பக்கத்தை எழுத முடியாமல் போனது. அதனால் இப்படி ஆகிவிட்டது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் வரும் செல்லப்பா நான்தான். வயது எழுபத்தொன்று. தாலுகா அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். 'நான்' என்று போட்டுத்தான் தொடங்கினேன். இரண்டாவது பத்தியிலேயே அந்த 'நான்' தன்னைப் பற்றி நல்லபடியாகச் சொல்லிக்கொள்ளத் தொடங்கிவிட்டது. அலுவலகத்தில் ஒருவர் மேல் குறிப்பு எழுதும்போது அவரைப் படர்க்கையில்தான் எழுதுவோம். என்னையும் அப்படி எழுதுவதுதான் முறை. நடுவில் எனக்கு ஏதாவது சொல்ல இருந்தால் அடைப்புக்குறிக்குள் வருவேன், அல்லது ஒரு நட்சத்திரம் போட்டுக்கொண்டு வருவேன்.

2

[முதல் தொடக்கம். மலருக்காக எழுதியது.]

ஒரு நாட்டின் தலைநகருக்கு நடுவே வெட்டவெளி ஒன்று இருக்குமானால், அந்த நாட்டில் நடந்த பெரிய காரியங்களில் பாதி அங்கேதான் நடந்திருக்கும். கோலாலம்பூரின் நடுவில் உள்ள திடல் ஆதியில் சதுப்பு நிலம். அதை மேடாக்கிப் போலீஸ்காரர்கள் அணிவகுப்புப் பழகினார்கள். பிறகு வெள்ளைக்காரர்கள் ஒரு கரையில் கிளப் கட்டி, புல் வளர்த்து, கிரிக்கெட் ஆடினார்கள். எதிர்க்கரையில் செம்புக் குவிமாடங்களும் மணிக்கூண்டுமாக அரசாங்கக் கட்டடம் எழுந்தது. ஆள்கிறவர்கள் ஒரு பக்கம் கையெழுத்துப் போட்டார்கள், மறுபக்கம் பந்து அடித்தார்கள். நடுவில் புல் இருந்தது. 1957-ஆம் ஆண்டு ஆகஸ்டு முப்பதாம் தேதி நள்ளிரவில் அந்தப் புல்தரையில்தான் ஆங்கிலேயர் கொடி இறங்கி மலேயாவின் கொடி ஏறியது. இன்று அதற்குச் சுதந்திரச் சதுக்கம் என்று பெயர். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரத்தில் ஒரு கொடிமரம் நிற்கிறது. தரைக்கு அடியில் கார்கள் நிற்கின்றன. அத்தகைய திடலின் கரையில், அந்தக் கிளப்பில் கிராணி* உத்தியோகம் பார்த்தவரான என் தந்தையார்

வாக்கியத்தை இங்கே விட்டுவிட்டேன். அடுத்து ஒரு வினைச்சொல் வரவேண்டும். முப்பத்தாறு வருடம் கோப்பு எழுதிய கைக்கு ஒரு வினைச்சொல் பஞ்சமில்லை. ஆனாலும் வரவில்லை.

* கிராணி என்றால் மலேயாவில் அலுவலகக் குமாஸ்தா. நாற்காலி, மேசை, மைக்கூடு உள்ளவர்.

3

மறுபடி தொடங்குகிறேன்.

சங்கரன்கோவிலில் செல்லப்பாவின் வீட்டு முகப்பில் 'கிராணியார் இல்லம்' என்று சிமெண்டில் எழுத்து எடுத்திருக்கும். உள்ளே நுழைந்ததும் எதிர்ச்சுவரில் படம். முப்பது வயது முத்துமணி, செல்லப்பாவின் அப்பா, வெள்ளைக் கால்சட்டையும் வெள்ளைச் சட்டையுமாக நிற்கிறார். பின்னால் மணிக்கூண்டு. முழங்காலுக்குக் கீழே படம் இல்லை. அவருடைய இடது தோளின்மேல் ஒரு கை கிடக்கிறது. கைக்கு உரியவர் படத்தில் இல்லை. வெள்ளைச் சட்டையின் கை மடிப்பு, ஒரு மணிக்கட்டு, ஐந்து விரல், அவ்வளவுதான்.

அது 1957 கடைசியில் தபாலில் வந்த படம். கூட ஒரு கடிதம் இருந்தது. இங்கே சுதந்திரம் கிடைத்துவிட்டது, நான் கொடிமரத்துக்குப் பக்கத்தில் நின்றேன், அனைவரும் சுகமா. செல்லப்பாவின் தாத்தா அந்தப் படத்தைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போய்க் காட்டினார். கரிசல் மண்ணில் கால் வைக்கிறவன் எவனும் வெள்ளைக் கால்சட்டை போடமாட்டான். ஒரு மழைக்குத் தாங்காது. ஆகவே மகனுக்குக் கிடைத்திருப்பது நாற்காலி வேலை. மலேயாவில் நாற்காலி வேலை என்றால் கிராணி வேலை. இந்த முடிவுக்கு வர அவருக்கு ஒரு வெற்றிலை மெல்லும் நேரம்கூடப் பிடிக்கவில்லை. தோளில் கிடக்கும் கை? வெள்ளைச் சட்டை போட்ட இன்னொருவர், அதுவும் கிராணியின் தோளில் உரிமையோடு கை போடுகிறவர், துரையைத் தவிர வேறு யார்? திருநெல்வேலியில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்துப் படத்தைப் பெரிதாக்கியபோது, "துரை கையி, கொஞ்சம் வெளுப்பா இருக்கட்டும்" என்று சொல்லித் தீட்டச் செய்தார். இன்றும் சுவரில் அந்தக் கை மட்டும் சுண்ணாம்பு பூசியதுபோல இருக்கும்.

படத்தின் ஓரம் கோணலாக வெட்டப்பட்டிருந்தது. உறைக்குள் அடங்குவதற்காக வெட்டியிருப்பார்கள் என்று வீட்டில் சொல்லிக்கொண்டோம்.

(சொல்லிக்கொண்டார்கள். 'ஓம்' வந்துவிட்டது. இருக்கட்டும்.)

துரை தோளில் கை போட்ட குடும்பம் என்று பெயர் வந்தபின் அதைக் காப்பாற்ற வேண்டாமா? கிராணி மகன் தரையில் உட்காரக் கூடாது என்றார் தாத்தா. செல்லப்பா உட்காரவில்லை. கல்யாணப் பந்தியில் இலை தரையில் போட்டிருந்தால் சாப்பிடாமல் வருவார். சாவு விசாரிக்கப் போன துஷ்டி வீட்டில் மற்றவர்கள் பாயில் இருக்க, அவர் தூணோரம் நிற்பார். கிராணி மகன் என்பதற்காகவே எழுத்தர் தேர்வு எழுதினார். அவருடைய இரண்டு பெண்களும் கிராணியார் பேத்திகள் என்று சொல்லித்தான் கட்டிக்கொடுக்கப்பட்டார்கள். எழுபது வயது வரை அவருடைய முதுகு வளைந்து யாரும் பார்த்ததில்லை.

4

குருசாமி செல்லப்பாவுக்குப் பள்ளித் தோழர். புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை. வாரத்தில் ஒருநாள் பஸ்ஸில் வந்து இறங்குவார், கையில் ஒரு பை எலுமிச்சம்பழத்தோடு. பழம் செல்லப்பாவின் மனைவி முப்பிடாதியம்மாளுக்கு, பேச்சு செல்லப்பாவுக்கு.

"வே செல்லப்பா, மலேசியாவுல இருந்து ஒரு பிள்ள உம்மகூடப் பேசணும்ங்கு. எங்க ஊரு ரிஸானாவுக்குச் சொந்தம். உம்ம நம்பரக் குடுத்துட்டேன்."

"யாரக் கேட்டுக் குடுத்தீரு?"

"யாரக் கேக்கணும்? நம்பரு என்ன பேங்கு லாக்கர் சாவியா? அந்தப் பிள்ள அந்த மைதானத்தப் பத்தி ஏதோ எழுதுதாம். உம்ம அப்பா பேரு வந்துச்சாம்."

செல்லப்பாவுக்கு முகம் மலர்ந்தது. மலருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கோலாலம்பூரிலிருந்தே கிராணியார் பெயரைத் தேடி வருகிறார்கள். மறுநாள் காலை அழைப்பு வந்தபோது சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டுதான் எடுத்தார்.

"வணக்கம் ஐயா. நான் ஜஸீமா, கே.எல்.லருந்து பேசுறேன். சாப்பிட்டாச்சா?"

"ஆச்சும்மா. சொல்லுங்க."

"சுதந்திரத்தன்னிக்கு அந்தத் திடல்ல எடுத்த ஒரு போட்டோ எங்கிட்ட இருக்கு. ஏழு பேரு நிக்கிறாங்க. கண்காட்சியில வைக்கப் போறோம். ஆறு பேருக்குப் பேரு கிடைச்சிருச்சி. ஏழாவது ஆளு உங்க அப்பாவாத்தான் இருக்கணும் லா. புல்லு வேலை பாத்தவங்க இல்லையா, அவங்க பேரையெல்லாம் யாருமே..."

"ராங் நம்பர்" என்றார் செல்லப்பா. வைத்துவிட்டார்.

(முந்தைய பிரதியில் அவர் நாகரிகமாக விசாரித்து, யோசித்துச் சொல்வதாகக் கூறி முடித்ததாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். ராங் நம்பர் என்றுதான் சொன்னேன். தன் பெயரைச் சொல்லி, சாப்பிட்டீர்களா என்று கேட்ட ஒரு பெண்ணிடம்.)

5

இங்கே முத்துமணி என்ற பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. கிராணியாக இருந்தவர் இப்படி நடந்துகொள்வாரா என்று நீங்கள் கேட்பதற்கு முன் நானே கேட்டுவிடுகிறேன்.

அவருக்கு அங்கே தொடர்ந்து வேலை செய்ய அனுமதி கிடைக்காமல் 1970-ல் ஊர் திரும்பினார். 1954-ல் ஒருமுறை அவர் விடுப்பில் வந்துபோனபின் பிறந்த செல்லப்பாவுக்கு அப்போது பதினைந்து வயது. கிராணியார் வந்துவிட்டார் என்று தெருவே கூடிற்று. அவரோ நாற்காலியில் உட்காராமல் வெறுந்தரையில் குத்தவைத்து உட்கார்ந்தார். செல்லப்பா ஓடிப்போய் நாற்காலி எடுத்து வந்தான். "அது கெடக்கட்டும் மக்கா" என்றார். வெள்ளைக் கால்சட்டையை ஒருநாளும் போடவில்லை. ஆடித்தபசுத் திருவிழா முடிந்த மறுநாள் விடியுமுன் எழுந்து தெற்கு ரத வீதிக்குப் போவார். முந்தினநாள் விவசாயம் பார்க்கும் சம்சாரிகள் அம்மன் சப்பரத்தின்மேல் எறிந்த பருத்தியும் மிளகாய் வத்தலும் தரையெங்கும் மிதிபட்டுக் கிடக்கும். கூட்டம் நின்ற தரையைக் குதிகாலால் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டே நடப்பார். எந்தக் குமாஸ்தா அப்படி நடப்பான்?

அடுத்து ஒன்று. 1972, நம் சுதந்திரத்தின் வெள்ளிவிழா. எங்கள் ஊரில் எது நடந்தாலும் கோயிலுக்கு எதிரே, தேர் நிற்கும் இடத்தை ஒட்டித்தான் நடக்கும். தேரோட்டம், கட்சிக் கூட்டம், அரிசி கேட்டு ஊர்வலம், எல்லாமே. அன்று அங்கே மேடை போட்டு, இன்னொரு நாட்டின் சுதந்திரத்தை நேரில் கண்டவர் என்று முத்துமணியைப் பேச அழைத்தார்கள். ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்றார். தரையை ஒருமுறை குனிந்து பார்த்தார். பிறகு சொன்னார்:

"அன்னைக்கு மழ பேஞ்சிருந்துது.* கூட்டம் ரொம்ப. தரை கெட்டுப்போயிருமேன்னு ஒரே வெசனமா இருந்துது. வணக்கம்."

இறங்கிவிட்டார். கூட்டம் கைதட்டியது. எவ்வளவு அடக்கம் என்றார் விழாத் தலைவர். பதினேழு வயது செல்லப்பா மட்டும் கைதட்டவில்லை. அவனுக்கு அந்த நிமிடம் எல்லாம் புரிந்துபோயிற்று.

[இதுவரை உங்களிடம் மறைத்தேன். அப்பா கிராணி இல்லை என்பது செல்லப்பாவுக்குத் தெரியும். ஜஸீமாவின் அழைப்பு அவருக்குப் புதுச் செய்தி அல்ல.]

அன்று மாலை வீட்டுக்கு ஓடிவந்து அப்பாவின் தகரப் பெட்டியைத் திறந்தான். அடியில் வெள்ளைக் கால்சட்டை சுருட்டி வைத்திருந்தது. அதைப் பிரித்தான். உள்ளே ஒரு சாண் நீளத்தில் ஒரு கருவி. மரப்பிடி, முனையில் இரண்டு முள். புல்லுக்கு நடுவே முளைத்த களையை வேரோடு நெம்பி எடுப்பது. பிடி தேய்ந்து, நான்கு விரல் பதியும் பள்ளம் விழுந்திருந்தது. கிராணியார் வீட்டில் இது இருக்கக் கூடாது என்று நினைத்தான். புளியங்குடி சாலையில் இருந்த தோட்டத்துக் கிணற்றில் கொண்டுபோய்ப் போட்டான். கால்சட்டையை மடித்து மறுபடி பெட்டியில் வைத்தான்.

அப்பா ஒன்றுமே கேட்கவில்லை. அந்த வாரம் மட்டும் பெட்டியை நாலைந்து முறை திறந்து மூடினார். 1994-ல் இறக்கும் வரை கேட்கவில்லை. ஐம்பத்து நான்கு வருடமாக அந்தச் சத்தம், தகரப் பெட்டியின் மூடி விழும் சத்தம்

இந்த வாக்கியத்தையும் முடிக்கப் போவதில்லை.

* அன்று மழை பெய்ததா என்று நான் எங்கும் சரிபார்க்கவில்லை. இரண்டு பேர் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறார்கள். தாலுகா அலுவலகத்தில் இரண்டு சாட்சி போதும்.

6

ராங் நம்பர் சொன்ன நான்காம் நாள் ஜஸீமா நேரிலேயே வந்துவிட்டாள். புளியங்குடியில் ரிஸானா வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவளை குருசாமி கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். நாற்பது வயது இருக்கும். தலையில் இளநீல முக்காடு, தோளில் ஒரு பெரிய பை.

"ராங் நம்பருக்கு அட்ரஸ் கண்டுபிடிச்சுக் கூட்டியாந்திருக்கேன் வே. எலுமிச்சம்பழத்தோட சேத்து எறக்கிட்டேன்" என்றார் குருசாமி.

செல்லப்பா வாசற்படியை மறித்து நின்றார். (நிற்கத் தெரிந்த ஒரே விதத்தில் நின்றார்.) உள்ளேயிருந்து முப்பிடாதியம்மாள் குரல் வந்தது.

"யாரு வந்துருக்காவ? ஏன் வாசல்லயே நிக்கவச்சிருக்கியோ? உள்ள வாம்மா. அவுக அப்படித்தான், கொடிக்கம்பம் மாதிரி நிப்பாவ. நீ சுத்திக்கிட்டு வா."

ஜஸீமா சிரித்துக்கொண்டே சுற்றி வந்தாள். சுவரில் இருந்த படத்தைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கண் அப்பாவின் முகத்தில் இல்லை. தோளில் இருந்தது.

"ஐயா, இந்தக் கை..."

"அது துரை கையி" என்றார் செல்லப்பா. எழுபது வருட வழக்கம்.

அவள் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். அதே படம். ஆனால் முழுப்படம். மணிக்கூண்டுக்கு முன்னால் ஏழு பேர் வரிசையாக நிற்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி வெள்ளை உடுப்பு. முழங்காலுக்குக் கீழே ஏழு பேருக்கும் சேறு. செருப்பில்லை. பின்னால் தரையை அழுத்திச் சமன் செய்யும் ஒரு பெரிய உருளை. வரிசையின் ஓரத்தில் முத்துமணி. அவருக்குப் பக்கத்தில் குட்டையாக, பல் தெரியச் சிரிக்கும் ஒருவர் எம்பி முத்துமணியின் தோளில் கை போட்டிருக்கிறார்.

"இது எங்க தாத்தா ஐயா. காதர் மைதீன். திடலுக்குத் தண்ணி விடுற வேலை. இது துரை கை இல்ல, எங்க தாத்தா கை."

குருசாமி முழுப்படத்தையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அடப்பாவி! மைதீன் பாய்க்கு எழுவது வருசமா சுண்ணாம்பு அடிச்சு வச்சிருக்கீரே வே!"

யாரும் சிரிக்கவில்லை. பிறகு முப்பிடாதியம்மாள் சிரித்தாள். அவள் சிரித்ததும் ஜஸீமாவுக்கும் அடக்க முடியவில்லை. செல்லப்பா மட்டும் மேசை விளிம்பைப் பிடித்தபடி நின்றார்.

ஜஸீமா போனை எடுத்து ஒரு பதிவை ஓடவிட்டாள். சாவதற்கு இரண்டு வருடம் முன்னால் தாத்தாவிடம் பேசிப் பிடித்ததாம். கிழவரின் குரல் மூச்சுக்கு நடுவே வந்தது.

"அன்னிக்கு மழைப்பா. கொடி ஏத்துற நாளுன்னு எங்களுக்கெல்லாம் புது வெள்ளை உடுப்புக் குடுத்திருந்தாங்க. ஆயிரக்கணக்குல ஜனம். எல்லாரும் அண்ணாந்து கொடியப் பாத்தாங்க. நாங்க ஏழு பேரு மட்டும் குனிஞ்சு தரையப் பாத்துக்கிட்டு நின்னோம். ஏழு வருசம் வளத்த புல்லு. விடிஞ்சு பாத்தா உழுத வயலாட்டம் கெடக்கு. சங்கரன்கோயிலு முத்துமணி அண்ணன் அழுதுட்டாரு. 'எம் புல்லு போச்சே மைதீனு'ன்னாரு. நான் தோள்ல கையப் போட்டேன். 'விடுங்கண்ணே, போனது வெள்ளைக்காரன் புல்லு. இனிமே மொளைக்கிறது நம்ம புல்லு'ன்னேன். அப்பத்தான் ஒருத்தன் போட்டோ எடுத்தான். ஒரு மாசத்துல அந்தத் தரைய மறுபடி பச்சையாக்கிட்டாரு அவரு. கையில ரெண்டு முள்ளு வச்ச ஒரு சாமான் வச்சிருப்பாரு. அதத் தூங்கும்போதுகூடத் தலமாட்டுல வச்சிக்குவாரு."

பதிவு நின்றது. செல்லப்பா சட்டையின் மேல் பொத்தானைத் தடவினார். கழற்றிவிட்டார்.

7

(இந்தப் பகுதியை மூன்றுமுறை எழுதினேன். முதல் பிரதியில் செல்லப்பா நீண்ட உரை ஆற்றினார். இரண்டாவதில் கண்ணீர் விட்டார். நடந்தது இவ்வளவுதான்.)

"அதக் கெணத்துல போட்டது நாந்தான்" என்றார் செல்லப்பா. யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

"எந்தக் கெணறு? புளியங்குடி ரோட்டுக் கெணறா? அதத் தூத்து மேல பெட்ரோல் பங்கு வந்து பன்னெண்டு வருசம் ஆச்சே" என்றார் குருசாமி.

"எனக்குத் தெரியும்" என்றாள் முப்பிடாதியம்மாள்.

"பங்கு வந்ததா?" என்றார் செல்லப்பா.

"முள்ளு காணாமப் போனது. நான் கல்யாணமாகி வந்த புதுசுல மாமா பொறவாசல்ல குடைக்கம்பி ஒண்ண வளச்சு வச்சிக்கிட்டுக் களை எடுத்துக்கிட்டு இருந்தாவ. என்ன மாமா இதுன்னு கேட்டேன். எல்லாஞ் சொன்னாவ. மைதானம், புல்லு, மழ, எல்லாம். நல்ல சாமான் ஒண்ணு இருந்துது, எங்கயோ விழுந்துட்டு தாயின்னாவ. விழுந்துட்டுன்னுதான் சொன்னாவ. யாரு பேரையும் சொல்லல."

"நாப்பது வருசமா உனக்குத் தெரியுமா? ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"உங்ககிட்டயா? நீங்க வெறச்சுக்கிட்டு நிக்கியள்ல! யாரு கிட்ட வந்து சொல்லுவா?"

செல்லப்பா குருசாமியைப் பார்த்தார். குருசாமி பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து உருட்டினார்.

"வே, கோவப்படாதீரும். மலேயாவுல இருந்து எழுவத்தி மூணுலயே ராயகிரிக்காரர் ஒருத்தர் திரும்பி வந்தார்லா? அவரு சொல்லிட்டாரு. தெருவுக்கே தெரியும்."

"தெருவுக்கேவா?"

"ஏன், உம்ம சம்பந்திமாருக்கும் தெரியும். நாந்தான் சொன்னேன். பொண்ணு குடுக்குற எடுக்குற எடத்துல மறைக்கக் கூடாதுல்லா? அவங்க சிரிச்சிட்டு, அதனால என்ன, பேத்தி நல்ல பிள்ளயாங்கதான் கேட்டாங்க. உம்ம முன்னாடி யாரும் பேசுறதில்ல. உம்ம அப்பாவ கிராணியார்னு கூப்பிட்டுக் கூப்பிட்டு நாக்குப் பழகிட்டு. அவரு நடந்து வந்தா அப்படித்தான் கூப்பிடத் தோணும்."

வாசகரே, இந்த இடத்தில் செல்லப்பா அவமானப்பட்டிருக்க வேண்டும். ஐம்பத்து நான்கு வருடம் ஒரு கதவைத் தோள்கொடுத்து அடைத்துக்கொண்டு நின்ற மனிதர். அந்த அறைக்குச் சுவரே கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். கோபம் வரும் என்று காத்திருந்தார். ஆத்திரத்தில் குருசாமியை வெளியே போகச் சொல்வார் என்று நானே ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். வந்தது வேறு. முதுகுத்தண்டின் அடியில் ஏதோ ஒன்று மெல்ல அவிழ்ந்தது, மழைக்குப் பின் கரிசல் மண் நெகிழ்வதுபோல. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏங்க! தலை சுத்துதா?"

"இல்லட்டி. உக்காந்திருக்கேன்."

சிமெண்டுத் தரை குளுகுளு என்று இருந்தது. இத்தனை நாளாக இது இங்கேயே இருந்திருக்கிறது.

ஜஸீமாவும் முக்காட்டைச் சரி செய்துகொண்டு எதிரே தரையில் உட்கார்ந்தாள். முழுப்படத்தை இருவருக்கும் நடுவே வைத்தாள். படத்தில் முத்துமணியின் கால்களை செல்லப்பா முதன்முதலாகப் பார்த்தார். கணுக்காலுக்கு மேல் வரை சேறு. குதிகால் தரையில் ஆழமாக ஊன்றியிருந்தது.

8

அவள் கேட்டது ஒன்றுதான். கண்காட்சியில் ஆறு பேரின் பெயருக்குக் கீழே அவரவர் பார்த்த வேலை ஒரு வரி இருக்கும். காதர் மைதீன், தண்ணீர் விட்டவர். ஏழாவது பெயருக்குக் கீழே என்ன போட வேண்டும்? "நீங்க சொல்றதத்தான் போடுவேன் ஐயா. கிராணின்னு சொன்னா கிராணி."

மூன்று வரிகளை மனதில் எழுதிப் பார்த்தார் செல்லப்பா.

முத்துமணி, கிராணி. இது தாத்தாவின் வரி.

முத்துமணி. இது கோழையின் வரி. தலைமை எழுத்தர்கள் தெரியாததை இப்படித்தான் காலியாக விடுவார்கள்.

மூன்றாவதை அவளுடைய பேனாவை வாங்கி, தரையில் உட்கார்ந்தபடியே, அட்டையின் பின்பக்கம் எழுதினார்: 'முத்துமணி, சங்கரன்கோவில். புல் வளர்த்தவர்.' எழுதிவிட்டு, பழக்க தோஷத்தில், கீழே சிறு கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டார்.

"இதுக்கு ரப்பர் ஸ்டாம்ப் எங்கவே?" என்றார் குருசாமி.

முகப்பில் உள்ள எழுத்தை உடைத்துவிடலாம் என்றேன். (ஆம், இனி 'நான்' போதும். படர்க்கை தரையில் உட்கார்ந்ததோடு சரி.) முப்பிடாதி வேண்டாம் என்றாள். குருசாமியும் வேண்டாம் என்றார்; தபால்காரர் திணறிப்போவாராம். தெரு வைத்த பெயரைத் தெருவைக் கேட்காமல் எடுக்க எனக்கு உரிமை இல்லை என்பதும் உண்மை. எழுத்து இருக்கிறது. சுவரில் இருந்த பெரிய படத்தைத்தான் கழற்றினேன். அந்த இடத்தில் ஜஸீமா கொடுத்துவிட்டுப் போன படம் மாட்டியிருக்கிறது, ஏழு பேரும் சேறும் உருளையுமாக. வருகிறவர்கள், "இதுல உங்கப்பா யாரு அண்ணாச்சி?" என்று கேட்கிறார்கள். அழுத முகத்தோடு நிற்பவர் என்று காட்டுகிறேன்.

மலர் அச்சுக்குப் போகவில்லை. இரண்டாம் பக்கத்துக்குப் பதிலாக இது வந்திருக்கிறது. ஒரு விஷயம் மட்டும் மீதியிருக்கிறது. அதற்கு விடையை நான் எழுதப் போவதில்லை.

படத்தை வெட்டியது யார்?

கழற்றிய சட்டத்துக்குள் தபாலில் வந்த பழைய சிறு படமும் இருந்தது. முழுப்படத்தின்மேல் வைத்துப் பார்த்தேன். இரண்டு வெட்டு. ஒன்று பக்கவாட்டில், ஆறு பேரை நீக்குவது. மற்றது அடியில், சேற்றை நீக்குவது. உறைக்குள் அடங்குவதற்கு ஒரு வெட்டே போதும்.

அப்பாவே வெட்டி அனுப்பியிருக்கலாம். ஊரில் வயல் வேலையை விட்டுவிட்டுப் போன மகன் அங்கேயும் மண்ணில்தான் நிற்கிறான் என்று தன் தகப்பனுக்குத் தெரிய வேண்டாம் என்று. கையை மட்டும் ஏன் விட்டுவைத்தார்? நண்பனின் கை. வெட்ட மனம் வரவில்லை.

தாத்தா வெட்டியிருக்கலாம். அப்படியானால் முதல் நாளே அவருக்கு எல்லாம் தெரியும். சேற்றைப் பார்த்தார், கத்தரிக்கோலை எடுத்தார், பிறகு துண்டில் சுற்றிக்கொண்டு தெருவுக்குப் போனார். கையை நீக்கினால் தோள் போய்விடும். அதனால்தான் அதற்கு வெள்ளை அடித்தார்.

இரண்டில் எதை வைத்தாலும் கதை நிற்கும். எழுதிப் பார்த்துவிட்டேன். ஒன்றில் மகன் தகப்பனைக் காப்பாற்றுகிறான், மற்றதில் தகப்பன் மகனை. மூன்றாவதாக ஒரு கிணறும் இருக்கிறது. அது யாரைக் காப்பாற்ற என்று இப்போது எனக்கே தெரியவில்லை. கத்தரிக்கோலை யார் கையில் கொடுப்பது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். நீங்கள் எதைச் சொன்னாலும் நான் மறுக்கப் போவதில்லை. எனக்கு இனி காக்க ஒன்றுமில்லை.

இதைத் தரையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். பழக்கமில்லாத முழங்கால், தானாக எழ மறுக்கிறது. ஒரு கை வேண்டும். முப்பிடாதியைக் கூப்பிட்டிருக்கிறேன். எலுமிச்சை பிழிந்துகொண்டிருக்கிறாளாம், ஈரக் கையோடு வருகிறாள்.